மூப்பைக் கழற்றி வைத்த ஊர்

காஞ்சிபுரம் திருவெஃகாவில் பெருமாள் மற்ற தலங்களுக்கு நேர்மாறான திசையில் பள்ளிகொண்டிருக்கிறார். சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்று அவருக்குப் பெயர். ஏன் இப்படி என்று கேட்டால் கோயிலில் ஒரு கதை சொல்வார்கள். ராஜாவின் கோபம், தமிழ்ப் பாட்டுக்குக் கட்டுப்பட்டு எழுந்து நடந்த தெய்வம் எல்லாம் அதில் உண்டு. அந்தக் கதை ஒரு கிழவியின் முதுகுவலியில் தொடங்குகிறது என்பதைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறோம்.

திருமழிசையாழ்வாரும் சீடன் கணிகண்ணனும் அங்கே தங்கியிருந்த காலம். ஒரு மூதாட்டி அவர்கள் இருந்த இடத்தைத் தினமும் பெருக்கி மெழுகி வந்தாள். ஆழ்வார் மனம் குளிர்ந்து, என்ன வேண்டும் என்று கேட்டார். கிழவி மோட்சம் கேட்கவில்லை. மூப்பு வந்து குனிய முடியாமல், நிமிர முடியாமல் செய்கிறது. அதை எடுத்துவிட்டால் இந்தப் பணியைத் தொடர்ந்து செய்வேன் என்றாள். ஆழ்வார் கண்ணெடுத்துப் பார்த்தார், கிழவி குமரியானாள். பல்லவ ராஜா பார்த்தான், குமரி ராணியானாள்.

சாதாரணக் கதை இங்கே முடிந்திருக்கும். இது முடியவில்லை. ஆண்டுகள் போகப் போக ராஜாவுக்கு நரை கண்டது. ராணி கல்யாணத்தன்று இருந்தபடியே இருந்தாள். காரணத்தை அறிந்த ராஜா, தனக்கும் அந்த இளமை வேண்டும் என்று கணிகண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டான். ஆழ்வாரை அரண்மனைக்கு அழைத்து வா என்றான், மறுத்தார். என்னைப் பற்றிப் பாடு என்றான், அதற்கும் மறுத்தார். ஊரைவிட்டுப் போ என்றான். சீடன் கிளம்ப, குரு கிளம்ப, குரு சொன்னதால் பெருமாளும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். அவர்கள் ஓர் இரவு தங்கிய இடம் ஓரிருக்கை என்று இன்றைக்கும் காஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ராஜா காலில் விழுந்து கெஞ்சியபின் எல்லோரும் திரும்பிவந்தார்கள். போய்வந்ததற்கு அடையாளமாகத்தான் பெருமாள் மாறிப் படுத்திருக்கிறார் என்பது ஐதிகம்.

இதைப் பக்திக் கதையாக எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு இதில் பிடித்தது வேறு. மூப்பு என்பது ஒட்டுமொத்தமாக வந்து கவியும் இருட்டு என்று இந்தக் கதை நினைக்கவில்லை. முதுகு வளைந்தது, வேலை கெட்டது. முதுகை நிமிர்த்து, வேலை நடக்கும். உடம்பை உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் பார்க்கும் பார்வை இது. காஞ்சியைச் சுற்றியுள்ள பழங்கதைகள் பலவற்றில் இந்தப் பார்வை இருக்கிறது. முதுமையை ஆராயும் இன்றைய உயிரியலும் கிட்டத்தட்ட இதே வழியில்தான் போகிறது.

அந்த முதுகையே எடுத்துக்கொள்வோம். எலும்பு கல்தூண் இல்லை. உடம்பு அதை ஒரு பக்கம் கரைத்துக்கொண்டும் மறுபக்கம் கட்டிக்கொண்டும் இருக்கிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றபிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் அடுத்த சில ஆண்டுகளில் கரைப்பது கட்டுவதை முந்திவிடும். முள்ளெலும்புக் கட்டைகள் உள்ளே சல்லடையாகி, முன்பக்கம் நசுங்கி, ஆப்பு வடிவத்துக்கு வருகின்றன. அப்படி நாலைந்து ஆப்புகள் அடுக்கினால் கூன். பல நேரம் இந்த முறிவுகள் பெரிய வலி காட்டாமலே நடந்துவிடும். பாட்டி உயரம் குறைந்துபோனாள் என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

இடைக்கால இத்தாலியில் மூப்பை வைத்துச் சொன்ன கதைகள் வேறு ரகம். 1348இல் ஃபுளோரன்ஸ் நகரைக் கொள்ளைநோய் சூறையாடியது. அதிலிருந்து தப்பி ஊருக்கு வெளியே போன பத்துப் பேர் ஆளுக்கு நாளைக்கொரு கதை சொல்வதாக பொக்காச்சியோ எழுதிய நூல் டெக்கமரான். பத்தில் ஏழு பேர் பெண்கள். அவர்களில் யாருக்கும் வயது 28ஐத் தாண்டவில்லை, 18க்குக் குறையவில்லை என்று ஆசிரியரே கணக்குச் சொல்லிவிடுகிறார். கதை சொல்லும் வாய் முழுக்க இளமை. அந்த வாயில் கிழவன் அகப்பட்டால் என்ன ஆகும்? பீசா நகரத்து நீதிபதி ரிக்கார்தோ வயதான காலத்தில் இளம்பெண்ணைக் கட்டிக்கொள்கிறார். உடம்பு ஒத்துழைக்கவில்லை. அதை மறைக்க ஒரு பஞ்சாங்கம் தயார் செய்கிறார்: இன்று இந்தப் புனிதர் நாள், நாளை விரதம், மறுநாள் நிலவு சரியில்லை என்று மனைவியைத் தள்ளியே வைக்கிறார். ஒருநாள் கடற்கொள்ளையன் பகனீனோ அவளைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். நீதிபதி தேடிப்போய் மீட்க நின்றால், அந்த வீட்டில் பஞ்சாங்கம் கிடையாது, நான் இங்கேயே இருந்துகொள்கிறேன் என்கிறாள் அவள்.

சிரிப்பு வருகிறது. ஆனால் அந்தச் சிரிப்பு முழுக்க இளமையின் பக்கம். கிழவன் கிழவன்தான், அவன் செய்யக்கூடியது அடங்கி இருப்பது ஒன்றே. பொக்காச்சியோ இந்த விதியை அங்கங்கே தானே மீறுகிறார் என்பதையும் சொல்ல வேண்டும். போலோஞா ஊர் மருத்துவர் ஆல்பெர்த்தோ எழுபதை நெருங்கும் வயதில் காதல் கொண்டு, கேலி செய்த பெண்களைச் சாமர்த்தியமான பதிலால் வாயடைக்கிறார். நாற்பது வயதை எட்டிய ஆசிரியரையே, இந்த வயதில் பெண்களுக்கு என்ன கதை என்று ஊர் இடித்துரைத்தது போலும். லீக் என்னும் வெங்காயச் செடிக்குத் தலை வெளுத்திருந்தாலும் வால் பச்சைதான் என்று நூலின் நடுவிலேயே பதில் எழுதிவைத்தார். நாற்பதுக்கே இந்தப் பேச்சு!

நம் பக்கத்துப் புலவர்களும் நாற்பதில்தான் கோடு போட்டார்கள். தெருவில் பவனி வரும் தலைவனைக் கண்டு ஏங்கும் பெண்களை உலா நூல்கள் ஏழு பருவமாகப் பிரிக்கும். ஐந்து வயதுப் பேதையில் தொடங்கும் வரிசை பேரிளம்பெண்ணோடு நாற்பதில் நின்றுபோகும். அதற்குமேல் பெண் தெருவுக்கே வரமாட்டாள் போலிருக்கிறது. இத்தாலியக் கவிஞர் தாந்தே ஆண்களின் ஆயுளை 25, 45, 70 என்று வெட்டி, அதற்கு மேலும் ஒரு பருவம் விட்டுவைத்தார். அந்த அளவில் அவர் தாராளம்.

அதனால்தான் திருவெஃகாக் கிழவி வியப்பாக இருக்கிறாள். உலா வரிசைக்கு வெளியே நிற்பவள் அவள். அவளுக்கு எதிர்முனையில், அதே தொண்டை நாட்டில், திருவாலங்காட்டில் இன்னொருத்தி: காரைக்கால் அம்மையார். கணவன் விட்டுப்போனதும், அவனுக்காகத் தாங்கிய இந்தச் சதை இனி எதற்கு என்று இறைவனிடம் கேட்டு, இளமையை உதறிப் பேய் வடிவம் பெற்றாள். ஒருத்தி மூப்பைக் கழற்றினாள், ஒருத்தி இளமையைக் கழற்றினாள். இருவருக்கும் அழகு ஒரு பொருட்டே இல்லை; செய்ய நினைத்த வேலைக்கு எந்த உடம்பு தோது என்பதுதான் கேள்வி.

ஆண் கதைகளில் மூப்பு வேறு வேலை செய்கிறது. அது வேஷம். கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தை எழுதி அரங்கேற்றியது காஞ்சிக் குமரகோட்டத்தில். ஏகாம்பரநாதர் கோயிலுக்கும் காமாட்சி கோயிலுக்கும் இடையில் இருக்கிறது அது. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களில் போரெல்லாம் முடிந்து, நூல் வள்ளி கல்யாணத்துக்கு வந்து சேர்கிறது. வேலூர்ப் பக்கத்து வள்ளிமலைத் தினைப்புனத்தில் முருகன் வேடனாக நிற்கிறான். வள்ளியின் அப்பா நம்பிராஜன் வருகிற அரவம் கேட்டதும் தொண்டு கிழவனாகிவிடுகிறான். நம்பிராஜன் சந்தேகப்படவில்லை. திருநீறு வாங்கிக்கொண்டு, மகளுக்குத் துணையாக இருங்கள் என்று விட்டே போகிறான். கிழவனுக்குப் பசி, வள்ளி தேனும் தினைமாவும் தருகிறாள். தாகம், சுனைக்குக் கூட்டிப்போகிறாள். அடுத்து அவன் கேட்டதற்குத்தான் நரைத்த வயதில் இது என்ன பேச்சு என்று திட்டு விழுகிறது. பிறகு அண்ணன் யானையாக வந்து மிரட்டி உதவிய கதை எல்லோருக்கும் தெரியும்.

நரையைப் பார்த்ததும் காவல் தளர்கிறது என்பதை இந்தக் கதை எவ்வளவு நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறது! இத்தாலியக் கதையில் கிழவனை ஏமாற்றி இளைஞன் உள்ளே நுழைவான். இங்கே இளைஞன் கிழவனாக மாறித்தான் உள்ளே நுழைகிறான்.

சேக்கிழாரும் தொண்டை நாட்டுக்காரர், குன்றத்தூர். பெரியபுராணத்தில் சுந்தரரின் கல்யாணப் பந்தலுக்குள் குடையும் தடியுமாக ஒரு கிழ அந்தணர் நுழைந்து, மாப்பிள்ளை என் அடிமை, ஓலை இருக்கிறது என்று வழக்காடுவதை அவர் எழுதியிருக்கும் விதம் நாடகம் தெரிந்தவர் கை. கல்யாணம் நின்றுபோகிறது. அதைவிட நுட்பமானது பின்னால் வரும் திருவதிகைக் காட்சி. மடத்தில் சுந்தரர் தூங்குகிறார். பக்கத்தில் படுத்த கிழவரின் கால் அவர் தலைமேல் விழுகிறது. ஐயா, காலை என் தலைமேல் வைத்திருக்கிறீரே என்றால், திசை தெரியாமல் செய்துவிட்டது என் மூப்பு என்கிறார் கிழவர். தலையை வேறு பக்கம் வைத்துப் படுத்தால் அங்கும் கால் வருகிறது.

படிப்பவர்கள் சிரித்துக் கடந்துபோகிற அந்தச் சாக்கு, மருத்துவப்படி நல்ல சாக்கு. 2005இல் நார்வேயில் மோசர் தம்பதியர் குழு, எலி மூளையில் இடத்தை அறுகோணக் கட்டம் போட்டு அளக்கும் நரம்பணுக்களைக் கண்டுபிடித்தது. 2014இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் மூளையிலும் அந்த ஏற்பாடு இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு பத்தடி நடந்து, திரும்பி, புறப்பட்ட இடத்தைக் காட்டச் சொன்னால் முதியவர்கள் இளையவர்களைவிட அதிகம் தவறுகிறார்கள். கட்டம் போடும் நரம்பணுக்களின் ஒழுங்கு வயதோடு குலைவது அதற்கு ஒரு காரணம் என்று மூளைப் படங்கள் காட்டியிருக்கின்றன. வாசல் எந்தப் பக்கம் என்று இருட்டில் தடுமாறும் தாத்தாவுக்கு ஞாபகமறதி என்று நாம் பெயர் வைக்கிறோம். அவருக்குப் போயிருப்பது திசையாக இருக்கலாம்.

சுந்தரர் மூப்பையே காணாதவர். பதினெட்டு வயதில் கயிலைக்குப் போய்விட்டார் என்பது மரபு. ஆனால் மூப்பின் கருவிகள் அவருக்கு முன்கூட்டியே வந்துசேர்ந்தன. திருவொற்றியூரில் மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த சத்தியத்தை மீறியதால் இரண்டு கண்ணும் போயின. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது. காஞ்சியில் ஏகம்பனைப் பாட, இடக்கண் திரும்பியது. வலக்கண்ணுக்குத் திருவாரூர் வரை நடக்க வேண்டியிருந்தது. இறைவன் நினைத்தால் இரண்டையும் ஒரே நொடியில் தந்திருக்கலாம். கதை அப்படிச் செய்யவில்லை. ஓர் ஊருக்கு ஒரு கண் என்று தவணையில் தருகிறது.

கண் கதைக்குப் பொருத்தமான ஊர்தான் காஞ்சி. பிள்ளையார்பாளையத்துத் தறிகளில் முடியைவிட மெல்லிய பட்டு இழைகள் ஆயிரக்கணக்கில் பாவாக ஓடுகின்றன. ஒரு இழை அறுந்தால் கண்டுபிடித்து முடிச்சுப் போட வேண்டும். கோர்வைச் சேலையில் உடலும் கரையும் சேருமிடத்தில் ஒவ்வொரு ஊடையும் கண் பார்த்துப் பூட்ட வேண்டும். நாற்பது தாண்டியதும் நெசவாளி இழையைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்க்கத் தொடங்குகிறார். வெள்ளெழுத்து வந்துவிட்டது.

வெள்ளெழுத்து நோய் அல்ல. கண்வில்லை வளரும் விதத்தின் விளைவு. வில்லை வாழ்நாள் முழுக்கப் புதுப்புது அடுக்குகளைத் தன் மேல் சுற்றிக்கொண்டே போகிறது. பழைய அடுக்கு எதையும் கழிப்பதில்லை. நடுவில் இருக்கும் இழைகள் நாம் தாய் வயிற்றில் இருந்தபோது உருவானவை. அவற்றுக்கு உட்கரு கிடையாது, உள்ளே இருக்கும் புரதம் மாற்றப்படுவதும் கிடையாது. தோல், ரத்தம், குடல் என்று பல இடங்களில் பழுதானதைத் தள்ளிப் புதியது போடும் உடம்பு, கண்வில்லையின் நடுப்புள்ளியில் பிறப்பதற்கு முன் நெய்ததை அப்படியே வைத்திருக்கிறது. 1950களிலும் 60களிலும் வல்லரசுகள் வெடித்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கார்பன்-14 அளவைக் கிட்டத்தட்ட இரு மடங்காக்கின. அந்தச் சுவடு சாப்பாடு வழியாக எல்லோர் உடம்பிலும் ஏறியது. 2008இல் டென்மார்க் ஆய்வாளர்கள், இறந்தவர்களின் கண்வில்லை நடுவில் உள்ள கார்பனை அளந்தே அவர்கள் எந்த ஆண்டுவாக்கில் பிறந்தார்கள் என்று சொல்லிவிட்டார்கள். பிறப்புச் சான்றிதழைக் கண்ணுக்குள்ளேயே வைத்துக்கொண்டுதான் திரிகிறோம்.

அடுக்குக் கூடக்கூட வில்லை விறைக்கிறது. பத்து வயதுப் பிள்ளை மூக்குக்கு ஏழெட்டு சென்டிமீட்டர் தூரத்தில் வைத்த எழுத்தைப் படிக்கும். ஐம்பது வயதுக்காரருக்கு அது கைநீளத்துக்குப் போய்விடும். உலகில் ஒருவர் பாக்கி இல்லாமல் இது வரும். தீர்வு நூறு இருநூறு ரூபாய்க் கண்ணாடி. அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட 751 தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. அருகில் உள்ளதைப் பார்க்கக் கண்ணாடி கொடுத்தபின், கொடுக்காதவர்களைவிட அவர்களின் வேலைத்திறன் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருந்தது. இலை கிள்ளுவதற்கே இப்படியென்றால், இழை பூட்டுவதற்கு?

இங்கே இத்தாலிக்கு ஒரு நன்றி பாக்கி இருக்கிறது. கிழவனைப் பார்த்துச் சிரித்த அதே நாட்டில்தான், 13ஆம் நூற்றாண்டின் கடைசியில், வெள்ளெழுத்துக் கண்ணாடி பிறந்தது. 1306இல் ஃபுளோரன்சில் பிரசங்கம் செய்த ஜோர்தானோ என்ற துறவி, இந்தக் கலை வந்து இருபது வருஷம்கூட ஆகவில்லை, கண்டுபிடித்தவரை நானே பார்த்துப் பேசியிருக்கிறேன் என்றார். 1352இல் திரெவீசோ மடத்துச் சுவரில் தொம்மாசோ தா மோதெனா வரைந்த கர்தினால், மூக்கில் கண்ணாடியோடு எழுதிக்கொண்டிருக்கிறார். டெக்கமரான் எழுதப்பட்டுவந்த ஆண்டுகள்தான் அவை. கதைக்காரர்கள் கிழவனைக் கழற்றிவிட்டார்கள். கண்ணாடிக்காரர்கள் அவனுக்கு இன்னும் இருபது வருஷ வேலை கொடுத்தார்கள். பொக்காச்சியோவைவிட எனக்கு அந்தப் பெயர் தெரியாத கண்ணாடிக்காரர்மேல்தான் மரியாதை அதிகம்.

நரை விஷயத்துக்கு மணிமேகலையிடம் போகலாம். காவியம் புகாரில் தொடங்கிக் காஞ்சியில் முடிகிறது. தன்னைத் துரத்தும் உதயகுமரனுக்கு மணிமேகலை ஒரு கிழவியைச் சுட்டிக்காட்டி, கருமணல் போன்றதாகச் சொல்லும் கூந்தல் இதோ, பிறை என்று சொல்லும் நெற்றி இதோ என்று ஒவ்வோர் உறுப்பாகக் கணக்குக் காட்டுகிறாள். இதை எழுதிய சாத்தனார் பௌத்தர், உடம்பைப் பிரித்துப் பார்ப்பது அவர்கள் பயிற்சி. ஆனால் அந்தப் பட்டியலில் நரை, அவர் நினைத்ததுபோல ஒருவழிப் பாதை அல்ல. மயிர்க்காலில் நிறம் போடும் அணுக்களை உருவாக்கும் மூல அணுக்கள் வயதானபின் செத்துவிடுகின்றன என்றே வெகுகாலம் நினைத்தார்கள். எலிகளில் பார்த்ததில், பல மூல அணுக்கள் உயிரோடு இருந்தும் இடம் மாற முடியாமல் ஒரு மூலையில் சிக்கிக்கொள்கின்றன என்று 2023இல் நியூயார்க் குழு ஒன்று காட்டியது. அதற்கு முன், 2021இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் 14 பேரின் முடிகளை நுனியிலிருந்து வேர்வரை நிறம் அளந்து பார்த்தார்கள். முடி மாதம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், ஒவ்வொரு முடியும் நாட்குறிப்பு மாதிரி. சில முடிகள் நரைத்து, பிறகு வேரில் மறுபடி கறுத்திருந்தன. ஒருவருக்கு அப்படிக் கறுத்த காலம் அவர் விடுமுறையில் போயிருந்த நாட்களோடு ஒத்துப்போனது. எல்லா நரையும் திரும்பாது. நரைக்கும் வாசலில் நிற்கும் சில முடிகளுக்கு மட்டுமே இது.

ஆழ்வாரின் பார்வைக்கு நெருக்கமானது ஒன்றும் நடந்திருக்கிறது. 2006இல் ஜப்பானின் ஷின்யா யமனகா, முற்றிய எலித்தோல் அணுவுக்குள் நான்கு மரபணுக்களைச் செலுத்தி அதைக் கருநிலை அணுவாகத் திருப்பினார். 2012இல் நோபல். ஆனால் முழு உடம்பிலும் அந்த நான்கையும் ஓடவிட்டால் எலிகளுக்குக் கட்டிகள் முளைத்தன. தோல், தான் தோல் என்பதையே மறந்துவிடுகிற அளவு இளமை ஆபத்து. பாதி வழியில் நிறுத்தினால்? 2020இல் ஹார்வர்டு குழு ஒன்று மூன்று மரபணுக்களை மட்டும் கிழட்டு எலிகளின் விழித்திரை நரம்பணுக்களில் இயக்கியது. மங்கிய பார்வை ஓரளவு திரும்பியது. கண்ணுக்கு மட்டும். முதுகு, முடி, இதயம் எல்லாம் பழைய வயதிலேயே இருந்தன. சுந்தரரின் தவணைக் கணக்கு ஆய்வகத்திலும் அப்படியே.

இந்த ஆராய்ச்சியில் பணம் கொட்டும் கோடீஸ்வரர்கள் பல்லவ ராஜாவைப் படித்திருந்தால் நன்றாக இருக்கும். அவன் பிரச்சினை மூப்பு அல்ல. ஒரே வீட்டில் இரண்டு கடிகாரம் ஓடியது. பக்கத்தில் இருப்பவள் மாறாமல் இருந்ததால்தான் அவனுக்குத் தன் வயது தெரிந்தது. அந்தக் கதை அவனுக்கு இளமையைத் தரவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பெருமாள் திரும்பிவந்தார், ராஜா கிழவனாகவே கதையை விட்டுப் போனான்.

காஞ்சி மக்களுக்கு இந்த இரண்டு கடிகாரக் கணக்கு இப்போதும் பழக்கம்தான். வரதராஜர் கோயில் அனந்தசரஸ் குளத்துக்குள் அத்திமரத்தாலான பழைய மூலவர் நாற்பது ஆண்டு படுத்திருக்கிறார், 48 நாள் வெளியே வருகிறார். மரத்தை உளுத்துப்போகச் செய்யும் பூஞ்சைகளுக்குக் காற்று வேண்டும். நீருக்கடியில் அது போதாது என்பது அவர் அப்படியே இருப்பதற்கு ஒரு காரணம். 1939, 1979, 2019 என்று வந்திருக்கிறார். 1979இல் பதினைந்து வயதில் பார்த்தவர், 2019 ஜூலை வெயிலில் 55 வயதோடு வரிசையில் நின்றார். அடுத்தது 2059. சென்றமுறை அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்த குழந்தைகள் அன்று சாமியைக் கைபேசியில் படம்பிடித்துவிட்டு, படம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கக் கையைச் சற்று நீட்டிப் பிடிப்பார்கள்.